வாயுக் குளிசை

எங்கள் பக்கத்தில் நெஞ்சுக்கு என்ன வந்தாலும் பெயர் ஒன்றுதான்: வாயு. குத்தினாலும் வாயு, அடைத்தாலும் வாயு, படபடத்தாலும் வாயு. அந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. மருந்துகள் இதயத்துடிப்பை எப்படிக் குழப்புகின்றன என்று முயல்களில் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் நான் சும்மா கத்துவதில்லை.

போன மாரியில் களுவாஞ்சிக்குடிக்கு, என் கணவரின் தாயைப் பார்க்கப் போனேன். சளிக்கு டாக்டர் கொடுத்த எரித்ரோமைசினை மாமி ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். அது வயிற்றைப் பிரட்ட, பார்மசியில் ‘வாயுக் குளிசை’ என்று கேட்டு வாங்கி அதையும் போட்டிருந்தார். பிறகு நெஞ்சு படபடக்க, வாயு கூடிவிட்டது என்று இன்னும் ஒன்று. இப்போது அடுப்பில், அதே வாயுவுக்கென்று வேர்க்கொம்புக் கசாயம் கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் கண் இருட்டி விழப் பார்த்தாராம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

குளிசை அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். வாயுக் குளிசை என்பது டொம்பெரிடோன், வயிற்றுப் பிரட்டலை அடக்கும் மருந்து. அதையும் எரித்ரோமைசினையும், மயக்க மருந்து கொடுத்த முயல் ஒன்றுக்கு நாங்கள் ஆய்வுகூடத்தில் கொடுத்திருந்தோம். தனித்தனியே கொடுத்தபோது, ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரம் கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான். சேர்த்துக் கொடுத்தபோது துடிப்பே தாறுமாறாகிவிட்டது.

மாமியின் நாடியைப் பிடித்தேன். ஓடியது, தப்பியது, மறுபடி ஓடியது.

“வாயுதான் புள்ள, மறுகா போயிடும்,” என்றார்.

“இது வாயு இல்ல மாமி, நெஞ்சு. எழும்புங்க.”

அடுப்பை அணைத்து, ஓட்டோவில் ஏற்றினேன். வழி முழுவதும் நாடியை விடவில்லை. மாமி ஓட்டோக்காரரிடமும் வாயு என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என்ன வருத்தம் என்று டாக்டர் கேட்க, மாமி வாயைத் திறக்குமுன் நான் அட்டைகளை மேசையில் வைத்து, முதலில் ஈசிஜி எடுங்கள் என்றேன். அதிகப்பிரசங்கி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஈசிஜி தாளைக் கண்டதும் அவரே கதிரையை விட்டு எழுந்துவிட்டார். குளிசைகள் இரண்டையும் நிறுத்தி, நரம்பு வழியாக மக்னீசியம் ஏற்றினார்கள்.

பின்னேரம் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. உனக்கு எப்படித் தெரிந்தது என்று மாமி கேட்டார். முயலைப் பற்றிச் சொன்னேன்.

“அது மறுகா எழும்பினதா?”

“இல்ல மாமி.”

மாமி தன் நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப என்ட குளிசைய எனக்கு முதல் அதுதான் போட்டிருக்கு,” என்றார்.