பிளீச்சிங் பவுடர் போட்ட கிணறு

உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க நாளை ஆள் வருகிறார் என்றால், இன்று என்ன செய்வீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள். குப்பையை அள்ளுவீர்கள், பாசியை வழிப்பீர்கள், தாராளமாக பிளீச்சிங் பவுடரும் கொட்டுவீர்கள். இந்தக் கதையில் வரும் பெண்ணுடைய அக்காளின் கணவரும் அதைத்தான் செய்தார்.

அவள் வேதியியல் படித்தவள். நிலத்தடியில் எரிவாயு எடுக்கும் கம்பெனிக்கு, ஒப்பந்தத்தில் தண்ணீர் மாதிரி எடுத்துக் கொடுத்தவள். வயல்காரர்கள் வைத்த பெயர் ‘பாட்டிலம்மா’. எரிவாயுவை அவள் எதிர்க்கவில்லை. அவள் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது, அப்போது சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் வாயுவோடு ஆழத்து உப்புநீரும் மேலே வரும். அது கசிந்தால் கிணறும் கெடும், மண்ணும் கெடும். அதனால் துளை போடுவதற்கு முன்பே சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் எடுத்துச் சோதித்துவிட வேண்டும். அது முடியாமல் துளை போடும் ரிக் ஓடக்கூடாது என்பது விதி.

கடைசியாக மிச்சமிருந்தது அக்கா வீட்டுக் கிணறு. வாளி மேலே வரும்போதே மருந்து வாடை மூக்கில் ஏறியது.

“என்ன மாமா போட்டீங்க?”

“பத்து பேரு பாக்கிற தண்ணி. அழுக்கா குடுத்தா நம்ம மானம் என்னாகுறது? நல்லா கைநிறைய போட்டேன்.”

பிளீச்சிங் பவுடரிலும் குளோரைடு உண்டு, உப்புநீரிலும் உண்டு. இந்தத் தண்ணீரைச் சோதித்தால் கணக்கு இப்போதே ஏறி நிற்கும். நாளை உண்மையாகவே உப்பு இறங்கும்போது, உங்கள் கிணறு முன்பே இப்படித்தான் இருந்தது என்று கம்பெனி கையை விரிக்கும். அவள் பாட்டிலை நிரப்பாமல் மூடிவிட்டாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊர்த் தண்ணீரெல்லாம் பிடித்தவளுக்குக் கூடப்பிறந்தவள் வீட்டுத் தண்ணீர் மட்டும் ஆகவில்லையா என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

கம்பெனி மேற்பார்வையாளர் வந்தார். குளோரைடு விஷயம் அவருக்கும் நன்றாகத் தெரியும். அவருக்கு இருந்தது அவசரம். நாளை ரிக் ஓட வேண்டும், இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

“ஒரு பாட்டில் தண்ணிக்காக ரிக்கை நிறுத்தி வைக்கச் சொல்றியாம்மா?”

“ரிக் இன்னிக்கு நின்னா நாளைக்கு ஓடும் சார். இந்தக் கிணறு கெட்டா யாரு சரி பண்ணுவாங்க?”

வேறு ஆளை அனுப்புவேன் என்றார். அனுப்புங்கள், கிணற்றில் என்ன கிடக்கிறது என்று அவருக்கும் எழுதியே கொடுக்கிறேன் என்றாள். யாரும் வரவில்லை. ரிக் நின்றது. மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே மோட்டாரைப் போட்டு, கிணற்றை இறைத்து, தண்ணீரைப் பயிரில்லாத தரிசில் விட்டார். ஊற்று ஊற, மறுபடியும் இறைத்தார். வாடை அறவே போய், பவுடரின் குளோரினும் இல்லை என்று சோதனை காட்டிய பிறகே அவள் பாட்டிலை நிரப்பினாள். ஒரு பாட்டில் கம்பெனிக்கு, இன்னொன்று வெளி ஆய்வகத்துக்கு.

அடுத்த ஒப்பந்தத்தில் அவளைச் சேர்க்கவில்லை. இப்போது ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்ப் பிரிவில் குறைந்த சம்பளத்தில் இருக்கிறாள். வாயு வருகிறது. அக்கா வீட்டுத் தண்ணீர் இதுவரை மாறவில்லை. மாறினால் அதைக் காட்ட, வெளி ஆய்வகத்தின் அறிக்கை அக்காவிடம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் எத்தனை கிணறுகளில் இதே போல மருந்து கொட்டினார்கள், அவற்றில் யார் யார் வாய் திறக்காமல் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார்கள் என்பது எவருக்கும் தெரியாது.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்று கும்பிட்டு உட்காருவதும், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று கையெழுத்துப் போடுவதும் ஒரே மூடத்தனம். உங்கள் பக்கத்தில் ரிக் வருகிறதென்று காதில் விழுந்தால், கிணற்றில் எதையும் போடாதீர்கள். ரிக் இறங்கும் முன்பே தண்ணீரையும் வயல் மண்ணையும் உங்கள் செலவிலேனும் வெளி ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். பக்கத்து வயல்காரரையும் இன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.