ஈறு நிறத்தில் ஒரு படை

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையிலிருந்து அந்த வாசனை வந்தது. அழுகப்போகும் பழமும் நகப்பூச்சும் கலந்தாற்போல, மூக்குத்தண்டில் ஊசியாக ஏறும் வாசனை. பல் செட் செய்கிற பொடியில் ஊற்றிக் குழைக்கும் திரவம் அது. லேபில் வேலை செய்கிறவர்கள் லிக்விட் என்று மட்டும்தான் சொல்வார்கள். நான் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று போயேவிட்டது, அந்த இடத்தில் ஒன்று கட்டிக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் ஏறவில்லை. ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கும் வயதில் ஒரு பல்லுக்காக யோசிக்கத் தெம்பில்லை. வாசனை மட்டும் உள்ளே போய் எங்கள் வீட்டுக் கூடத்தின் டியூப் லைட்டைப் போட்டது. அதற்குக் கீழே அண்ணி குனிந்து உட்கார்ந்திருந்தாள். விரல் நீளமுள்ள ஒரு பச்சைச் சிப்பாயின் கையிலிருந்து துப்பாக்கியை, சூடு காட்டிய மெழுகுக் கத்தியால் வெண்ணெய் போல அறுத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளுக்கு நாத்தனார். முறைக்கு அண்ணி, வயதில் என்னைவிட ஒரு வயது சின்னவள். அதனால் அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே வா, போ என்பேன். அம்மாவுக்கு அது பிடிக்காது. அண்ணன் வேலைக்கென்று மஸ்கட் போனான். போன் வருவது குறைந்தது, நின்றது, பிறகு அவன் எப்போதோ திரும்பிவிட்டான், ஓசூரில் வேறொருத்தியோடு குடித்தனம் செய்கிறான் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அண்ணன் இல்லாத வீட்டில் அண்ணி இருந்தாள். காலையில் அவள் தேரடித் தெருப் பக்கம் இருந்த பல் லேபுக்குப் போவாள், நான் லாட்ஜ் ரிசப்ஷனுக்குப் போவேன். ஊர் பேர் தெரியாதவர்களின் பல்லை அவள் இழைப்பாள், ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்து நான் நிற்பேன். சாயந்திரம் களைத்துப்போய் ஒரே வீட்டுக்குத் திரும்புவோம். புருஷன் இல்லாத வீட்டில் மருமகளுக்கு என்ன வேலை என்று தெரு கேட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அப்பா வரும்போதெல்லாம் கேட்டார். நான் மட்டும் கேட்கவில்லை. அவள் போய்விட்டால் அந்தக் கூடத்தில் நானும் அம்மாவும், நாங்கள் பேச மறந்த பேச்சும்தான் மிஞ்சும்.

படை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு உடைந்த கை வழியாக. செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பல் பார்க்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குதிரை வீரனை எடுத்து, பயணத்தில் இவன் கை உடைந்துவிட்டது, இதற்கும் வைத்தியம் உண்டா என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு லேபுக்கு அனுப்பினார். அண்ணி கையை ஒட்டி, வாளையும் புதிதாகச் செய்து கொடுத்தாள். மேஜையைப் போர்க்களமாக விரித்து, படை வீரர்களை நிறுத்தி, நகர்வதை டேப்பால் அளந்து, வெட்டுக்குத்தைப் பகடையிடம் விட்டு இரண்டு பேர் ஆடும் ஆட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அப்புறம் அவரைக் காணோம். மீதியை அண்ணி போனில் தேடிப் பிடித்தாள். விதிகள் இலவசமாகக் கிடைத்தன. வீரர்கள் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு, இந்த வெலைக்கு ஒரு தங்கப்பல்லே கட்டிடலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த பௌர்ணமிக்கு கிரிவலப் பாதைக் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் சிப்பாய்ப் பொட்டலங்களை வாங்கிவந்தாள். அடி அண்ணாமலை தாண்டி ஒரு கடையில் மாட்டுப் பொட்டலமும் கிடைத்தது. குதிரை கிடைக்கவில்லை, ஆகவே எங்கள் குதிரைப்படை காளை மேல் ஏறியது. துப்பாக்கியை அறுத்த கைகளில் ஊதுவத்திக் குச்சியைச் செதுக்கி ஈட்டியாக வைத்தாள். தொப்பித் தலைகளை நறுக்கிவிட்டு மெழுகில் ஒரு முகம் செய்தாள். பல் அளவு எடுக்கும் மாவில் அதை அச்செடுத்து, லேபில் மிஞ்சிய பொடியைக் குழைத்து ஊற்றினாள். அந்த அச்சு காயக் காயச் சுருங்கும். முதலில் வந்த முகங்கள் மீசை முறுக்கி நின்றன, கடைசியில் வந்தவை பசியில் கிடந்தவன் போலக் கன்னம் ஒட்டி இருந்தன. அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தினாள். பொடியில் இரண்டே நிறம், பல் நிறம், ஈறு நிறம். பல் நிறத்தில் முகமும் கையும், ஈறு நிறத்தில் தோளிலிருந்து வழியும் போர்வை. பெயின்ட் செலவு மிச்சம். உலகத்திலேயே ரோஸ் நிறத்தில் சண்டைக்குப் போன படை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கேடயம் அம்மாவிடமிருந்து வந்தது. மாத்திரை அட்டையில் மாத்திரை இருந்த குமிழைச் சுற்றி வெட்டினால் உப்பலான, பளபளவென்ற கேடயம். அம்மா சர்க்கரை மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிற ஆள். ஒருநாள் அண்ணி, அத்தை, ரெண்டு பேரு கேடயம் இல்லாம நிக்கறாங்க, போட்டுக்கோங்க என்று அட்டையை நீட்டினாள். அம்மா மேஜையைப் பார்த்தாள், மாத்திரையைப் பார்த்தாள், விழுங்கினாள். டாக்டரும் நானும் கெஞ்சி நடக்காதது அது.

களத்துக்கு நடுவில் ஒரு மலை வேண்டும் என்று விதியில் இருந்தது. மலை எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. டிவி வந்த பெட்டியின் தெர்மோகோலை வெட்டி, காப்பித்தூள் சக்கையைப் பூசி, அண்ணி செய்து வைத்ததைப் பார்த்தால் மாடியிலிருந்து தெரியும் மலை அப்படியே இறங்கி வந்து உட்கார்ந்தது போல இருந்தது. நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் அம்மா அதற்கு மூன்று கோடு விபூதி இட்டு, நடுவில் குங்குமம் வைத்து, உச்சியில் ஒரு செவ்வரளியையும் வைத்துவிட்டாள். சாயந்திரம் வந்து பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த மலைமேல் ஒரு சிப்பாயும் ஏறவில்லை. வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டதில்லை. அவள் ரோஸ் படையும், நான் நடத்திய, ஆயுதம் மட்டும் மாற்றிய பச்சைப் படையும் மலையை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றி வந்து, பின்பக்கத்தில் எங்கேயோ ஒன்றையொன்று எட்டிப்பிடித்து வெட்டிக்கொள்ளும். வருஷக்கணக்காக அப்படியே ஆடினோம். அதுதான் ஆட்டம் என்று நினைத்துவிட்டோம்.

அவள் அப்பா ஒரு தடவை வந்து, இந்த வாட்டி கையோட கூட்டிட்டுத்தான் போவேன் என்று வாசலிலேயே நின்றார். அண்ணி கையில் இருந்த காளையைக் கீழே வைக்காமல், படை முடியட்டும்பா, அப்புறம் வர்றேன் என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. எந்த எடத்துல படை, டாக்டர்கிட்ட காட்டினியா என்று கேட்டார். அடுத்த முறை வந்தபோது ஒரு பை நிறையச் சீமை அகத்தி இலை. அரைத்துப் பூசினால் எந்தப் படையும் ஓடிப்போய்விடும் என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அண்ணி சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்தவர்கள் பாதிப் பேர் சாய்ந்தார்கள்.

ஆனால் அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. படை முடிந்தால் போய்விடுவாள். முடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முரசு அடிக்க ஆள் வேண்டாமா என்று கேட்டேன், செய்தாள். கொடி பிடிக்கிறவன் எங்கே என்றேன், செய்தாள். ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா காய் நறுக்கிக்கொண்டே, ஆனை இல்லாம இன்னா படை அது, ஊர்ல எவனாவது கேட்டா சிரிப்பான் என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கத்தரிக்காயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணி எங்கள் இருவரையும் பார்த்தாள். சாவிக்கொத்தில் தொங்கும் யானைகளைத் தேடி மறுநாளே கடைத்தெருவுக்குப் போனாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. போவதற்கு அவளும் அவசரப்படவில்லை, அல்லது போக ஓர் இடம் அதுவரை அவளுக்குள் தோன்றவில்லை.

பெங்களூரில் இந்த ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள் என்று போனில் பார்த்ததும் அவள்தான். கையால் செய்த வீரர்களும் வரலாம், ஆனால் எவன் கையில் என்ன ஆயுதம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், பாதியில் நிற்கும் படைக்கு இடமில்லை. அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். அவள் முடித்தாள். ஒரு மாதம் லேபிலிருந்து வந்த கையோடு உட்கார்ந்து, ஈட்டி இல்லாதவனுக்கு ஈட்டி, யானைக்கு அம்பாரி எல்லாம் முடித்து, இனிப்புப் பெட்டிகளில் பஞ்சு பரப்பி அவர்களைப் படுக்க வைத்தாள். அம்மாவும் நானும் எதுவும் கேட்காமல் அட்டையை வெட்டிக் கொடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் மடிமேல் படையோடு போனோம்.

ஒரு காப்பிக்கடை மாடியில் நாலைந்து மேஜைகள். அவர்களுடைய வீரர்கள் நகை போல மின்னினார்கள். அண்ணி பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். ஏன் ரோஸ் என்று ஒருவர் கேட்க, அது ரோஸ் இல்லங்க, ஈறு என்றாள். கையை நீட்டி, எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு, ஒரு காளை வீரனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அந்த மனிதர். அண்ணி முதுகை நிமிர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் வந்திருந்தாள் என்றுதான் நினைத்தேன்.

மேஜையின் நடுவில் மலை இருந்தது. எதிரில் ஆட வந்தவர் தாடி வைத்த, தமிழை யோசித்துப் பேசுகிற ஆள். முதல் சுற்றிலேயே தன் வில்லாளிகளை மலை உச்சியில் கொண்டுபோய் வைத்தார். அண்ணி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல ஏத்திட்டாருடி என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள், யாரோ கோயில் வாகனத்தில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தவள் போல. பிறகு தன் காளைகளை நகர்த்தினாள். வலப்பக்கம் வழி கிட்டமாக, காலியாகக் கிடந்தது. அவள் கை இடப்பக்கம் போயிற்று. மலையை வலது கையில் வைத்துச் சுற்றத் தொடங்கினாள். மேலிருந்து அம்பு விழ விழ ஈறு நிறப் போர்வைகள் வரிசையாகச் சரிந்தன. யானை மட்டும் பாதி வட்டம் வந்தது. அந்த மனிதருக்கே பொறுக்கவில்லை. மேடம், நீங்களும் மேல வரலாம், ரூல்ல இருக்கு என்றார், கெஞ்சுவது போல. அண்ணி சரி என்று தலையாட்டினாள். யானையைத் தூக்கினாள். கை மலை ஓரம் வரை போயிற்று. திரும்பவும் அதே தடத்தில் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரை அவள் பெட்டிகளை மடியில் அணைத்தபடி வந்தாள். தோற்றதற்கு வருந்துகிறாள் என்று நினைத்து நான், அடுத்த தடவை பாத்துக்கலாம் அண்ணி என்றேன்.

"ரூல்ல இருந்துதுடி. நான்தான படிச்சேன், அத்தனை வாட்டி," என்றாள். "படிச்சும் தோணல பாரு. வெறும் தெர்மோகோல்."

ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு, பெங்களூர் லேப் ஒன்றில் ஆள் கேட்டிருக்கிறார்கள், ரொம்ப நாளாகவே கேட்கிறார்கள், நாளைக்குப் போன் பண்ணப் போகிறேன் என்றாள். அப்பா வீட்டுக்கு இல்லை, எங்கள் வீட்டிலும் இல்லை. நம்ம படை ராஜாவுக்குத் தேர் இன்னும் செய்யலையே என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"போதும்டி," என்றாள். "இன்னும் ஒரு ஆள் சேத்தா மேஜை தாங்காது."

அம்மாவிடம் சொன்னபோது அழுவாள் என்று நினைத்தேன். என் புள்ள போனப்பவே போயிருக்கணும், ஜாஸ்தி நாள் இருந்துட்டா பாவம் என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். வக்கீலிடம் போய் அண்ணனும் அவளும் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் அன்று எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. இப்போது அவன் என்னோடுதான் இருக்கிறான். ஓசூர்க் குடித்தனமும் கலைந்து, வயிறு கெட்டு, அம்மா கண்ணை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தான். கூடத்தில் அவன் டிவி பார்க்கிறான். நான் லாட்ஜிலிருந்து வந்து சோறு போடுகிறேன். அண்ணியிடமிருந்து முதலில் தினமும் போன் வந்தது, பிறகு ஞாயிறுகளில், பிறகு பொங்கலுக்கு ஒரு படம். கோபம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் வேலை, இரண்டு பேருக்கும் அசதி. கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போகிற இரவுகள்தான் என்னிடம் நிறைய.

அவள் கிளம்பிய மத்தியானம் பஸ் நிலையத்தில் நல்ல வெயில். செங்கம் வழியாகப் போகும் வண்டி. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றேன். தண்ணி பாட்டில் எடுத்தியா, சார்ஜர் எடுத்தியா என்று கேட்டதையே கேட்டேன். வண்டியை எடுத்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே நடந்தேன். அப்போதுதான் கேட்க வேண்டியது வாயில் வந்தது. கையெழுத்தெல்லாம் போட்டாச்சு, இனிமே உன்ன நான் இன்னான்னு கூப்புடறது என்றேன். அவள் என் விரல்களைக் கம்பியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

"கூப்புடு மொதல்ல. இன்னான்னு கூப்ட்டாலும் திரும்பிப் பாப்பேன்."