ஒட்டாத பூச்சு

பெட்டிக்குள் இருந்த மின்சுற்றுப் பலகையின் மேல் பூசியிருந்த பூச்சு, நகம் பட்டதும் வெங்காயச் சருகுபோல உரிந்து வந்தது. அடியில் செம்புக் கோடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. மண்டபத்தில் எங்கள் வீட்டு வாசலில், என் அய்யாவின் கண் முன்னால்தான் அதை உரித்தேன்.

அய்யா விசைப்படகு டிரைவர். கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் பெட்டிகளைச் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததும், தான் ஓட்டும் படகில் ஒன்றை மாட்டினார். பார்ப்பவரிடமெல்லாம் "எம் மக கம்பெனிப் பெட்டி" என்று பெருமை பேசி, துறைமுகத்தில் பலரையும் வாங்க வைத்து, அவரே மாட்டியும் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்துபோயின.

நான் விடுமுறைக்கு வந்திருந்த அன்று படகுக்காரர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அய்யா அவர்களிடம் முந்திக்கொண்டார்.

"பெட்டி நல்ல பெட்டிதாம்ப்பா. நான்தான் மூடிய சரியா முடுக்காம விட்டுட்டேன். உப்புத்தண்ணி உள்ள போயிருச்சு."

அது பொய். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. உப்புக் காற்று அரிக்காமலிருக்கப் பூச்சு பூசுவதற்கு முன் பலகையை பிளாஸ்மாவில் வைத்து எடுக்க வேண்டும். காற்றை உறிஞ்சிய கூண்டுக்குள், மின்சாரம் பாய்ந்து ஊதாவாக ஒளிரும் வாயு, கண்ணுக்குத் தெரியாத பிசுக்கை நீக்கிவிடும். பிறகுதான் பூச்சு கெட்டியாகப் பிடிக்கும். எங்கள் கம்பெனியில் அந்த இயந்திரம் அப்போது இல்லை.

"அய்யா மேல தப்பில்ல சித்தப்பா, தப்பு எங்க கம்பெனி மேல" என்று பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லி, பெட்டியைத் திறந்து உரித்துக் காட்டினேன். உண்மையைச் சொன்ன நிம்மதி ஒரு கணம்கூட நிற்கவில்லை.

"அப்ப எதுக்குண்ணே பொய் சொன்னீக?" என்று அய்யாவைக் கேட்டார் அவர்.

அய்யா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்காகச் சொன்ன பொய்யோடு அவரை அத்தனை பேர் நடுவில் நிறுத்திவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பெட்டிகளைக் கம்பெனிக்குக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் கொட்டினேன். இயந்திரம் வந்தது. புதிய பலகைகளோடு ஊருக்குப் போனபோது, கடலுக்குப் போகும் நேரம் தவிர அய்யா துறைமுகத்தில் தலைகாட்டுவதே இல்லை என்றார் அம்மா. அன்று கேள்வி கேட்ட அந்தப் பக்கத்துப் படகுக்காரரே வீட்டுக்கு வந்து, "நீங்க மாட்டுனாத்தாண்ணே பெட்டியப் படகுல ஏத்துவோம்" என்று கூப்பிட்ட பிறகுதான் சட்டையை எடுத்துப் போட்டுக் கிளம்பினார்.

துறைமுகத்தில் எல்லோரும் சுற்றி நிற்க, அய்யா ஒரு பலகையை என்னிடம் நீட்டினார்.

"இந்தத் தடவ நல்லாருக்கா? நீ சொன்னாத்தான் மாட்டுவேன் தாயி." எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"நல்லாருக்குய்யா" என்றேன். நான் தலைகுனிய வைத்த அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அய்யா இப்போது இல்லை. துறைமுகப் பக்கம் போனால், அவர் மாட்டிய பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன என்று படகுக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். கடலைப் பார்த்தபடியே தலையாட்டிவிட்டு வருகிறேன்.