கடல் இறங்கும் வரை

வாசகரே, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன், பொறுத்தருள வேண்டும். நான் சொல்லப்போவதை நேரில் கண்டவர்கள் மிகச் சிலர், அவர்களுள் ஒருவர் எதிர்த்தரப்பு. ஆகவே நீங்களும் அன்று காலை அந்தமானில், போர்ட் பிளேயரை அடுத்த கராச்சர்மாவில் எங்கள் தகரக்கூரை வீட்டின் முன்னே நின்றதாக எண்ணிக்கொள்ளுங்கள். படியில் அமர்ந்து என் அக்கா சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறாள். நிவாரண மூட்டையில் வந்த சப்பாத்து. முன்பக்கம் பழந்துணி அடைத்தால்தான் அவள் காலில் நிற்கும். எதிரே, அவசரமாக வெற்றிலை மென்றபடி பெரியப்பா. அவருடைய சட்டைப்பையில் சென்னைக் கப்பலுக்கான டிக்கெட் இரண்டு. ஒன்று அவருக்கு. மற்றொன்று, அவளைக் கேளாமலே, அவளுக்கு.

பெரியப்பா கொடியவர் அல்லர். ஆழிப்பேரலைக்குப் பின் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திலிருந்து நாங்கள் போர்ட் பிளேயருக்கு வந்து சேர்ந்தோம். அந்த அலையில் கணவரை இழந்த அக்கா அதன்பின் கடலின் பக்கம் முகம் திருப்பவேயில்லை. கடல் தெரியும் வளைவு வந்தால் பேருந்தில் கண்ணை மூடிக்கொள்வாள். இதையெல்லாம் கேள்விப்பட்டுக் கோத்தகிரியிலிருந்து அவளை அழைத்துப்போக வந்த பெரியப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு வாதம்: கடலைப் பார்க்க முடியாதவளுக்குத் தீவு எதற்கு? வலிமையான வாதம். அதை எதிர்த்து முந்தைய நாள் மாலை, கல்லூரி மேடைகளில் பரிசு பெற்ற என் நாவை முழுமையாக அவிழ்த்துவிட்டேன். எங்கள் பாட்டன்மாரை இலங்கைத் தோட்டத்திலிருந்து ஒரு கப்பல் அள்ளி வந்தது, என் பெற்றோரைக் கச்சாலில் இன்னொரு கப்பல் இறக்கியது, இக்குடும்பத்தில் கப்பலேறிய எவரும் தாமாக முடிவெடுத்து ஏறியதில்லை, அந்த வரிசையில் இவளையும் நிறுத்தப்போகிறீர்களா என்று கேட்டேன். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறமாட்டேன்.

"நல்லா பேசுறடா மகனே, கைதட்டலாம் போல இருக்கு. ஆனா இவ தூக்கத்துல அலறுறாளே, அதுக்கு உன் பேச்சு மருந்தா?" என்றார் பெரியப்பா. அவையே என் வசமிருந்து நழுவியது. அப்போதுதான் அக்கா சமையலறையிலிருந்து வந்தாள்.

"தம்பி, நீ கொஞ்சம் சும்மா இரு. பெரியப்பா, சிடியாடாப்புக் காட்டுல ஒரு பாதை இருக்குன்னு இவன் சொல்லிக்கிட்டே இருப்பான். மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, கடலோரமாச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேருமாம். அத நான் முழுசா நடக்குறேன். பாதியில திரும்பினா உங்க கப்பல்ல ஏறிர்றேன். முழுசாச் சுத்திட்டா அந்த டிக்கெட்டக் கிழிச்சிரணும்."

மறுநாள் அந்த மலையேற்றம் அவளுக்கு விளையாட்டாக இருந்தது. ரப்பர் மரங்களில் பால்வெட்டிய பால்வெட்டுக்காரியின் நடை அது. தடித்த மரம் எதைக் கடந்தாலும், கத்தி வைக்கும் உயரத்தில் பட்டையைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டுவிட்டே போனாள். பின்னால் பெரியப்பாவின் மூச்சு இரைந்தது.

"கோத்தகிரியில மலையே இல்லையா பெரியப்பா?"

"மலை இருக்கு ஆயி. இந்த வேக்காடுதான் இல்ல."

உச்சியில் நீலம் முழுவதும் விரிந்து கிடந்தது. வந்திருந்த சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் சப்பாத்தைப் பார்த்தபடி அவர்களைக் கடந்தாள். பெரியப்பா என்னைப் பார்த்தார்; நான் மரங்களைப் பார்த்தேன்.

இறங்கி முடித்த இடத்தில் பாதை இல்லை. பூகம்பத்தில் தீவின் இந்தப் பக்கம் அமிழ்ந்துபோனதால், கடல் ஏறும் வேளையில் கரைவழி மூழ்கிவிடுகிறது. பட்டுப்போன மரங்கள் இடுப்பளவு நீரில் வெளுத்து நின்றன. மீன்பிடிக் குடும்பமாக இருந்தால் புறப்படுமுன் கடலின் நேரம் பார்த்திருப்பார்கள். தோட்டத்தில் பிறந்த நாங்களோ வானத்தை மட்டும் பார்த்துப் புறப்படுகிறவர்கள்: மழையென்றால் வெட்டில்லை, வெயிலென்றால் வேலை. அன்று நல்ல வெயில். கடலையும் பார்க்கவேண்டும் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வங்காளி வனக்காவலர் ஒருவர் கைநீட்டித் தடுத்தார். "ராஸ்தா பந்த் ஹை, தீதி. வாபஸ் ஜாவ்." வழி மூடியிருக்கிறது, திரும்பிப் போங்கள் என்கிறார். பெரியப்பாவின் முகம் தெளிந்தது. "பாதையே இல்லாதப்ப பந்தயம் ஏது? நீயும் தோக்கல, நானும் ஜெயிக்கல. வா ஆயி, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்." நியாயமான சமரசம் என்றே எனக்கும் பட்டது.

"வீட்டுல பேசினா அது கப்பல்லதான் போய் முடியும்" என்றாள் அக்கா. காவலரிடம் திரும்பி, "பானி உத்ரேகா நா, பாய்?" என்று கேட்டாள். மதியத்துக்கு மேல் நீர் இறங்கும் என்றார் அவர். "தோ பைட்டேகா", அப்படியானால் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லி, விழுந்து கிடந்த அடிமரத்தில், கடலுக்கு நேர்முகமாக உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எதற்கு உடன்பட்டுவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கச்சாலில் அந்தக் காலை பூமி ஆடி ஓய்ந்தபின் கடல் உள்வாங்கியது. திறந்த தரையில் மீன்கள் துள்ளின. மச்சான் வாளியோடு இறங்கினார். மேட்டிலிருந்து அக்கா கூப்பிடக் கூப்பிட, திரும்பிச் சிரித்து, கையிலிருந்த மீனை உயர்த்திக் காட்டினார். அவள் அவரைக் கண்டது அதுவே கடைசி. பொங்கிய கடலைவிட, அதற்குமுன் பின்வாங்கிய கடலே அவளுடைய உறக்கத்துக்குள் வந்துகொண்டிருந்தது. இப்போது அது கண்முன்னே பின்வாங்க வேண்டும். அதற்காக அவள் காத்திருக்கிறாள்.

நீர் இறங்கத் தொடங்கியது. முதலில் வேர்கள், பிறகு சேறு, பிறகு நண்டுகள். அக்காவின் விரல்கள் மரப்பட்டையைப் பிய்த்தன. உதடு வெளுத்தது, கண்ணை மட்டும் அவள் மூடவில்லை. குட்டையொன்றில் சிக்கிய மீன் பளீரெனத் துள்ளியபோது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியப்பா பதறி எழுந்தார். "போதும் ஆயி! எந்திரி. நான் இப்பவே கிழிச்சிர்றேன்" என்று சட்டைப்பையில் கை வைத்தார்.

"இப்பக் கிழிச்சா அது பாவம்பாத்துக் கிழிச்சது. சுத்தி முடிக்கிறேன், அப்புறம் கிழிங்க."

எழுந்தாள். ஈரத்தில் இறங்கினாள். மீன் துள்ளிய குட்டையருகே நின்று அதைப் பார்த்தாள், குனியவில்லை, தாண்டினாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னே பெரியப்பாவும், அவருக்குப் பின்னே, அக்காவின் தடத்திலேயே கால்வைத்து நானும் நடந்தோம்.

புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் அவர் டிக்கெட்டை எடுத்தார். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் விடவில்லை. "ஒண்ணத்தான் கிழிப்பேன். நான் ஊருக்குப் போக வேணாமா?"

இன்று அக்கா வண்டூர்க் கரையில் படகுச் சவாரிக்கு வருவோருக்குச் சோறாக்கி விற்கிறாள். உறக்கத்தில் இப்போதும் எப்போதாவது அலறுகிறாள். காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். மெயின்லேண்டிலிருந்து வரும் பேச்சாளர்கள் தீவு மக்களைப் பரிதாபத்துக்குரிய பிறவிகளாக வருணிக்கும் அரங்குகளில் நான் எழுந்து நிற்பது அவளை மனத்தில் வைத்துத்தான். பயம் தீர்ந்தவர்களுக்குத்தான் மண்ணில் உரிமை என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

அன்று மாலை சிடியாடாப்புப் பேருந்து நிறுத்தத்தில், காத்திருந்தவர்கள் அத்தனைபேரும் திரும்பிப் பார்க்க, பெரியப்பாவின் முன்னே நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். "மைக்கு இல்லாமலே ஆரம்பிச்சிட்டான்" என்று அக்கா முணுமுணுத்தாள். நான் நிறுத்தவில்லை.

"கேட்டுக்கொள்ளுங்கள் பெரியப்பா! அக்காவைக் கேளாமல் அவளுக்கு டிக்கெட் எடுப்பவர் யாராயினும், நம் இரத்தமாயினும் சர்க்காராயினும், முதலில் அவரை இந்தக் கரைக்கு அழைத்து வருவேன். கடல் இறங்கும் வரை அவளருகே உட்கார வைப்பேன். அதன் பிறகே அவரைப் பேச விடுவேன்."