மைக்கில் மின்சாரம் விட்டவன்

ஆர்கிமிரோ லியெந்தோவுக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவன் பிழைப்பு வயர்மேன் வேலை. கராகஸில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு விளக்குக் கம்பி இழுக்கப் போனவனை, ஒல்லியாக, உயரமாக, தோள்வரை முடியோடு இருக்கிறான் என்று டைரக்டர் பிடித்துக்கொண்டார். ‘ஈரத் தீக்குச்சிகள்’ என்று ஒரு ராக் குழு. அதை வைத்துத் தினமும் இரவு ஒரு தொடர். குழுவில் இவன் பேஸ் கிட்டார், பெயர் ‘எலி’. வசனம் கிடையாது. பாட்டு ரெக்கார்டில் ஓடும்; இவன் கம்பியில் விரலை வைத்துக்கொண்டு தலையை ஆட்ட வேண்டும்.

நகரத்து ஓரத்தில் தகர வீடுகள் அடுக்கிக் கிடக்கும் எங்கள் மலைக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் வீட்டுக்கு எதிர்ப் படிக்கட்டில்தான் என் தையல் மிஷின். ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும் ஜீப் நின்றதும் சத்தம் கேட்கும்: “டேய் எலி, ஒரு தடவை தலையை ஆட்டிட்டுப் போடா!” அவனும் ஆட்டுவான். கீழ்ப்படியில் அரேபா என்ற சோள ரொட்டி சுட்டு விற்கும் எதெல்மிரா அம்மா அவனுக்கு மட்டும் சீஸ் கூட வைப்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. குழுவின் பாடகன் அத்ரியான் என்றால் நாட்டிலுள்ள பெண்களுக்கெல்லாம் உயிர். அந்த அத்ரியானை, பொறாமையில், மைக்கில் மின்சாரம் பாய வைத்து எலி கொல்ல வேண்டும்.

“முடியாதுன்னு சொல்லிடு,” என்றாள் அவன் மனைவி நெரெய்தா.

“சொன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. இப்பத்தான் முதல்முதலா வசனம் குடுத்திருக்காங்க.”

“என்ன வசனம்?”

“‘இனிமே நான் பாடுறேன்.’”

“கொலையும் பண்ணிட்டுப் பாட்டு வேறயா?” என்று நெரெய்தா எழுந்து போய்விட்டாள்.

அந்தக் காட்சி வந்த இரவு, மலையில் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அழுகை கேட்டது. மறுநாள் காலையில் ஜீப்காரன் அவனை ஏற்றவில்லை. “நடந்தே இறங்கு. உன்னை ஏத்தினா பிரேக் வயரைப் புடுங்கிடுவே.” ஆர்கிமிரோ சிரித்தான். ஜீப்புக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. எதெல்மிரா அம்மா அவன் நீட்டிய காசைத் தள்ளிவிட்டு அவன் காலடியில் துப்பினாள்.

“அம்மா, அது நடிப்பும்மா.”

“உன் மூஞ்சியைப் பாத்தேனே! அது நடிப்பா?”

வயரிங் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவன் கை பட்ட வீட்டில் எப்படிக் கண்ணை மூடித் தூங்குவது என்றார்கள். தகரக் கூரையில் கல் விழுந்தது. குழாயடியில் நெரெய்தாவின் வாளியை யாரோ எட்டி உதைத்தார்கள். ஆர்கிமிரோ சிரிப்பதை நிறுத்தினான். தெருவில் நடக்கும்போது சுவரை ஒட்டியே நடந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது. கீழிருந்து ஒரு அலறல். நான் இறங்கி ஓடினேன். எதெல்மிராவின் மகள் மரிசெலா, வெறுங்காலோடு தண்ணீரில் நின்று வீட்டு இரும்புக் கதவைத் திறந்திருக்கிறாள்; கை அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அலறியது தாய். மரிசெலாவை இழுக்கப் போன அவள் கணவன் வில்பிரிதோவை மின்சாரம் தூக்கிப் படியில் அடித்திருந்தது.

எங்கள் மலையில் பாதி வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. கம்பத்தில் கொக்கி போட்டுத்தான் விளக்கு எரியும். அந்த வரிசை வீடுகளுக்கான கொக்கிக் கம்பி நனைந்து, மேலுறை தேய்ந்து, கதவை ஒட்டிய தகரச் சுவரில் பட்டுக் கிடந்தது. நிறுத்துவதற்கு ஸ்விட்ச் ஒன்றும் இல்லை.

ஆர்கிமிரோ வீட்டுக்குள்ளிருந்து ஒரு காய்ந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்தான். அவனைப் பார்த்ததும் கூட்டம் மரிசெலாவை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பியது.

“அவனைக் கிட்ட விடாதீங்க!”

“எலிடா! வயர் கிட்ட போறான்டா!”

வில்பிரிதோ எழுந்து கட்டையால் அவன் தோளில் ஓங்கி அடித்தான். மூங்கில் கீழே விழுந்தது. ஆர்கிமிரோ குனிந்து அதை எடுத்தான். இன்னொரு அடி.

“அண்ணே, அது கதைண்ணே! நான் வயர்மேன்! கொக்கியைத் தட்டிவிடணும், விடுங்க!”

யார் காதிலும் ஏறவில்லை. எதெல்மிரா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். “நீதானே அத்ரியானைக் கொன்னே? என் பிள்ளையையும் கொல்ல வந்தியா?”

மரிசெலாவின் முகம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. ஆர்கிமிரோ அதைப் பார்த்தான். பிறகு கிழவியின் கண்களைப் பார்த்தான். அவன் குரல் மாறிவிட்டது.

“ஆமா. நான்தான் கொன்னேன். மைக்குல கரண்ட் விட்டது நான்தான். எப்படி விடறதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் எப்படி எடுக்கறதுன்னும் தெரியும். விலகு!”

எதெல்மிராவின் விரல்கள் தளர்ந்தன. “விடுங்கடா அவனை,” என்றாள்.

அவன் பக்கத்து மொட்டைமாடியில் ஏறி, கழியால் கொக்கியைத் தட்டினான். முதல் தட்டில் தீப்பொறி பறந்தது, கொக்கி விழவில்லை. அடிபட்ட தோளால் கையை உயர்த்த முடியாமல், இடது கைக்கு மாற்றி மறுபடி தட்டினான். கொக்கி கழன்று, கம்பியோடு படியோரச் சாக்கடையில் விழுந்தது. வரிசையாக எல்லா வீட்டு ரேடியோக்களும் அடங்கின. மரிசெலா சரிந்தாள்.

மூச்சு இல்லை. அவன் குதித்து வந்து அவள் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினான். வில்பிரிதோ மறுபடியும் கட்டையைத் தூக்கினான். நெரெய்தா அவன் முதுகில் தொற்றிக் கையைக் கடித்துவிட்டாள். “எண்ணுடி, சத்தமா எண்ணு!” என்று ஆர்கிமிரோ என்னைப் பார்த்துக் கத்தினான். எண்ணினேன். எத்தனை வரை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் இருமினாள், பிறகு வாந்தி எடுத்தாள். எதெல்மிரா அந்த ஈரத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மரிசெலா பிழைத்தாள். உள்ளங்கையில் தழும்பு ஒன்று தங்கிவிட்டது. அந்தக் கையால் இறுக்கி எதையும் பிடிக்க முடியாது. மறுநாள் எதெல்மிரா ஒரு தட்டு நிறைய அரேபாவோடு வந்தாள். “நீ மனசு மாறிட்டே. கடவுள் உன்னை மன்னிச்சிடுவார்,” என்றாள். எதற்கு மன்னிப்பு என்று அவன் கேட்கவில்லை. அவனே வாய்விட்டு ஒப்புக்கொண்டானே என்று மலையில் சிலர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டைரக்டருக்குச் செய்தி எட்டியது. “பத்திரிகைக்காரங்களைக் கூட்டிட்டு வர்றேன். அந்தப் பொண்ணை நீ கட்டிப்பிடிக்கற மாதிரி ஒரு படம்...” ஆர்கிமிரோ தொடருக்காகக் கொடுத்த தோல் சட்டையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தான். தொடரில் எலி பனாமாவுக்கு ஓடிப்போனதாகச் சொல்லிவிட்டார்கள். இவன் முடியை வெட்டிக்கொண்டு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான்.

“அப்படிச் சொல்றப்ப எனக்கே நான்தான் கொன்னேன்னு பட்டுச்சு. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு,” என்று நெரெய்தாவிடம் சொன்னானாம்.

வில்பிரிதோ மன்னிப்புக் கேட்கவே இல்லை. ஒரு விடுமுறை நாளில், புதுக் கம்பிச் சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆர்கிமிரோவின் வாசலில் வந்து நின்றான். “எங்க படிக்கட்டு வரிசை முழுக்க மாத்தணும். வர்றியா?” இருவரும் இறங்கிப் போனார்கள். பாதி வீடுகள் முடிவதற்குள் மறுபடியும் தூறல் பிடித்துக்கொண்டது.