ஆரைக்கீரை யாருடைய சொத்து?

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கூட்டம். மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கீரை வளர்க்கும் பெரியவர் ஒருவர் பேசினார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். "அந்தக் காலத்துல நம்ம தஞ்சாவூர் ஏழை ஜனங்க எவ்வளவு புத்திசாலித்தனமா சாப்பிட்டாங்க தெரியுமா? வயல்ல களையா முளைச்சதைக்கூடக் கீரையா ஆக்கிட்டாங்க. இயற்கையோட அப்படி ஒரு இணக்கம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

இணக்கமாம் இணக்கம்! எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறியது. எழுந்து, "அந்தக் கீரையை மடியில கட்டிக்கிட்டு வரப்பைத் தாண்ட விட்டாங்களா, அதையும் சொல்லுங்க சார்" என்று கேட்டேன். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். என் மகள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தஞ்சாவூருக்குக் கிழக்கே ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர். கண்ணுக்கு எட்டிய தூரம் நெல். அதில் ஒரு குழி நிலம்கூட எங்களுடையது இல்லை. அம்மா பண்ணையாருடைய வயலில் நடவு நடுவாள், களை எடுப்பாள், அறுப்பாள். பண்ணையாரின் நிலம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது என்பார்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அவர் வீட்டு மாடு கன்று பேரில்கூட எழுதி வைத்திருக்கிறார் என்று ஊர் பேசிச் சிரித்தது.

எனக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் கோழி அடைகிற மாதிரி நானும் ஒரு மூலையில் அடைந்துவிடுவேன். சுவரைத் தடவித் தடவித்தான் நடப்பேன். ஒரு நாள் சாயங்காலம், கொதிக்கிற உலையில் காலை வைக்கப் போனேன். அம்மா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கிருந்த நர்சம்மா என் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மருந்து வந்தா தர்றேன். அது வர்ற வரைக்கும் தினம் கீரை குடு. ஒரு நாள்கூட விடாதே. விட்டா பார்வை மொத்தமா போயிடும்" என்று சொன்னார்.

கீரைக்கு நாங்கள் எங்கே போவது? கொல்லை இருந்தால்தானே பாத்தி கட்ட முடியும்? ஆனால் வயலில் இருந்தது. நட்டு இருபது நாள் ஆன சம்பா வயலில் நெல்லுக்கு நடுவே கோரை முளைக்கும், புல் முளைக்கும், அவற்றோடு ஆரையும் முளைக்கும். ஒரு காம்பில் நாலு இலை, சேற்றோடு படர்ந்து கிடக்கும். வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி. பொன்னாங்கண்ணி தின்றால் பகலில் நட்சத்திரம் பார்க்கலாம் என்று அம்மா சொல்வாள். "எனக்கு ராத்திரியில பார்த்தாப் போதும்மா" என்பேன் நான்.

களை எடுக்கும்போதே பெண்கள் கீரையைத் தனியாக ஒதுக்கி மடியில் போட்டுக்கொள்வார்கள். மற்ற களையைச் சுருட்டிச் சேற்றில் மிதித்து அமுக்கிவிடுவார்கள். அவர்கள் பின்னாலேயே கொக்குகள் வரும். சேறு கலங்கினால் புழுவும் தவளைக் குஞ்சும் மேலே வருமே, அதற்காக. "கொக்கு இறங்குற வயல்லதான் கீரை பறிக்கணும். அதுக்கு ஆகாதது நமக்கும் ஆகாது" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். ராத்திரி அந்த ஆரையைக் கடைந்து எனக்கு முதல் உருண்டையைத் தருவாள். இரண்டு மாதத்தில் விளக்கடியில் அம்மாவின் முகம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் காற்று மாறியது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று அரசாங்கம் சொன்னது. கூலி இத்தனை மரக்கால் நெல் என்று சட்டம் போட்டது. அப்பா கொடி பிடிக்கிற சங்கத்தில் இருந்தார். சட்டக்கூலிக்காக ஊரே களத்தில் உட்கார்ந்தது, கடைசியில் பண்ணையார் அந்த நெல்லை அளந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, எங்களுக்கு வாய்த்த பூசாரி பண்ணையாருடைய ஏஜண்டு. குடையும் கையுமாக வரப்பில் நிற்கிற மனிதர். மறு வருஷத்து முதல் களை எடுப்பன்று, வேலை முடிந்து கரையேறின பெண்களை வரிசையாக நிறுத்தினார்.

"மடிய உதறு."

யாருக்கும் புரியவில்லை.

"சட்டப்படி கூலி கேட்டீங்கல்ல? சட்டப்படி வாங்கிட்டீங்கல்ல? கீரை எந்தச் சட்டத்துல இருக்கு? உதறு மடிய."

ஒவ்வொருத்தியாக உதறினார்கள். அதில் அறுபது வயதுக்காரியும் இருந்தாள், பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆன பச்சை உடம்புக்காரியும் இருந்தாள். ஒரு ஆண்பிள்ளை முன்னால் மடியை அவிழ்த்து உதறுவது என்றால் என்ன என்று, கை தட்டினவர்களுக்கு எப்படிப் புரியும்? 

ஏஜண்டு சும்மா விடவில்லை, பாடமும் எடுத்தார். "புது விவசாய ஆபீசர் சொல்லிட்டாரு. வயல்ல முளைச்சது வயலுக்கே போவணும். அதுல தழைச்சத்து இருக்கு. நீங்க அள்ளிட்டுப் போறது கீரை இல்ல, எங்க மண்ணோட சத்து."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "அதெல்லாம் சரிதாங்க ஏஜண்டையா. தின்னுட்டு நாங்க மறுநா காலையில எங்க வர்றோம்? உங்க திடலுக்குத்தானே வர்றோம்? எங்க வூட்ல என்ன கக்கூசா கட்டி வச்சிருக்கு? உங்க சத்து சேதாரம் இல்லாம உங்களுக்கே வந்து சேர்ந்துருதுங்க."

பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஏஜண்டு குடையால் வரப்பைத் தட்டினார். "வாய் நீளுது" என்றார். சிரிப்பு சிரிப்போடு போயிற்று. கீரை சேற்றுக்குப் போயிற்று.

பத்து நாள் கீரை இல்லை. வாய்க்கால் ஓரத்துப் பொன்னாங்கண்ணியையும் ஏஜண்டு தொட விடவில்லை. சந்தையில் வாங்க அம்மாவிடம் காசு இல்லை. எனக்கு மறுபடியும் சாயங்காலத்தில் சுவர் தேவைப்பட்டது. அம்மா என் முகத்துக்கு நேரே கையை ஆட்டி, "எத்தனை விரலு?" என்று கேட்பாள். நான் உத்தேசமாக ஏதாவது சொல்வேன். தப்பாகச் சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். மத்தியானம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோவது நான்தான். ஒரு நாள் பாதிக் கஞ்சியை மிச்சம் வைத்து, ஆரையைக் கழுவித் தூக்குவாளிக்குள் அமுக்கி, மேலே கஞ்சியை ஊற்றி என் கையில் தந்தாள். "ஓடாத. எப்பவும் போல நட" என்றாள். நான் ஓடவில்லை. ஆனால் எப்பவும் போல நடக்கவும் இல்லை போலிருக்கிறது. ஏஜண்டு என்னைக் கூப்பிட்டார். வாளியை வாங்கினார். வரப்பில் கவிழ்த்தார்.

வெள்ளைக் கஞ்சி ஓடிப் போய், பச்சைக் கீரை மட்டும் நின்றது. "திருட்டுக் கழுதை. பெத்தவ பழக்குன பழக்கம்" என்றார். வாளியைக் காலால் தள்ளிவிட்டார். அம்மா இரண்டு வயலுக்கு அப்பால் குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.  நான் அழுதுகொண்டே வாளியைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் தெருக்குழாயடியில் பெண்கள் கூடிப் பேசினார்கள். மறுநாள் பெரிய வயல், பண்ணையார் வீட்டு வாசலிலிருந்தே தெரிகிற வயல். இருபது பேரும் விடிந்ததும் இறங்கினார்கள். கோரையைப் பிடுங்கினார்கள், புல்லைப் பிடுங்கினார்கள், வேர் அறாமல் ஒழுங்காகப் பிடுங்கினார்கள். ஆரையை மட்டும் தொடவே இல்லை. அதை மிதித்துவிடக் கூடாது என்று காலைக்கூடத் தள்ளித் தள்ளி வைத்தார்கள்.

கரையேறினபோது ஏஜண்டு வயலைப் பார்த்தார். "என்ன இது? பாதிக் களைய வுட்டுட்டு வந்திருக்கீங்க?"

"களை எல்லாம் எடுத்தாச்சுங்க" என்றாள் அம்மா. "அது கீரை. ஐயாவோட சொத்து. நேத்து நீங்கதானே சொன்னீங்க, எம் மவள திருடின்னு? ஐயா சொத்துல நாங்க கை வைக்கலாங்களா?"

"பிடுங்கி மிதின்னா மிதிக்க வேண்டியதுதானே!"

"மிதிச்சா மக்குறதுக்கு அது என்ன கோரையா? ஆரைங்க. கணு மண்ணுல பட்ட இடமெல்லாம் வேர் வுடும். பத்து நாளா நீங்க மிதிக்கச் சொன்ன வயலைப் போய்ப் பாருங்க, எப்படித் தழைச்சிருக்குன்னு. அதை வயலை வுட்டு வெளிய எடுத்தாத்தான் அடங்கும். எடுத்து உங்க கையில குடுக்கட்டுங்களா? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்களா?"

அந்த மனிதரிடம் புத்தி இருந்திருந்தால் அங்கேயே இறங்கி வந்திருப்பார். வீம்பு விடுமா? "கெடக்கட்டும். ரெண்டு கீரை என்னத்த பண்ணிடும்?" என்று சொல்லிவிட்டு, மறுநாளே யூரியாவை வீசச் சொன்னார்.

யூரியாவுக்கு நெல் எது, ஆரை எது என்று தெரியுமா? ஆரைதான் முதலில் குடித்தது. பன்னிரண்டு நாளில் பெரிய வயலில் தண்ணீர் தெரியவில்லை. நெல்லுக்கு நடுவே ஒரே நாலிலைப் பச்சை. நெல் மட்டும் வெளிறி, குச்சி குச்சியாக நின்றது. மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. பண்ணையார் தம் மோட்டார் சைக்கிளில் தாமே வந்தார். வயலைப் பார்த்தார், ஏஜண்டைப் பார்த்தார். அப்புறம் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"அள்ளிட்டுப் போய்த் தொலைங்க. ஒரு இலை வயல்ல இருக்கக் கூடாது."

அம்மா, "கேட்டுக்கிட்டீங்களா ஏஜண்டையா? இனிமே மடிய உதறச் சொல்லக் கூடாது" என்றாள். அன்று எங்கள் தெருவில் ஆரைக்கீரை கடையாத வீடு இல்லை. எனக்கு அதற்கப்புறம் ஒரு நாள்கூடக் கீரை தவறவில்லை. தை பிறப்பதற்குள் நான் விளக்கில்லாமல் வாசலுக்குப் போய் வந்தேன். நர்சம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் அந்தப் பெரியவரோடு சேர்ந்து கை தட்டியிருப்பேன்.

இரண்டு வருஷம் ஆட்கள் கீரையோடு வரப்புத் தாண்டினார்கள். மூன்றாம் வருஷத்து முதல் களைக்கு அம்மாவைக் கூப்பிட ஆள் வரவில்லை. கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னையும் கூட்டிக்கொண்டு பெரிய வயல் பக்கம் போனாள். ஏஜண்டு அதே குடையோடு வரப்பில் நின்றார். எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வா வா. இனிமே களைக்கு ஆள் வேணாம், தெளிச்சா போதும், மருந்து வந்துருச்சு. நெல்லை ஒண்ணும் செய்யாதாம். இந்தா பாரு, உன் கீரைதான் கெடக்கு. எவ்வளவு வேணுமோ அள்ளிக்க. யாரு கேட்கப் போறா?"

எனக்கு அவர் பேச்சு முழுசாகக் காதில் விழவே இல்லை. அள்ளிக்கொள் என்றது மட்டும்தான் விழுந்தது. பாவாடையை இழுத்து மடி கட்டிக்கொண்டு ஒரே தாவலாக வயலில் இறங்கினேன். ஆரை வழக்கத்தைவிடச் சுலபமாகக் கையோடு வந்தது. காம்பெல்லாம் ஏனோ முறுக்கிக்கொண்டிருந்தது. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. மடி நிறைய அள்ளிக்கொண்டு, "அம்மா, பாரும்மா!" என்று கரையேறினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் வெள்ளை வெள்ளையாக இறங்கியிருக்கும் வயலில் ஒரு கொக்குகூட இல்லை. பக்கத்து வயல்களில் இருந்தன. இதில் இல்லை. குனிந்து என் மடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்தாள், மோந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. ஏஜண்டு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். விஷத்தைத் தானமாகக் கொடுத்துவிட்டு நின்று சிரிக்கிற மனிதனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உதறு" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"மடிய உதறுடி!"

உதறினேன். என் கையைப் பிடித்து வாய்க்காலுக்கு இழுத்துப் போய், மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.  வேலையும் போயிற்று, கீரையும் போயிற்று. அவளை எதிர்த்துச் சண்டை போட அந்த ஏஜண்டுக்கு இனிமேல் அவசியமே இல்லை. அதெல்லாம் எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. வரப்பில் நான் உதறிப் போட்ட பச்சை, தெருமுனை திரும்புகிற வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.