வீரம்மாவின் தோலுடுப்புக் கூட்டம்

வீரம்மா தனக்கென்று ஆசைப்பட்டுத் தைத்துக்கொண்ட முதல் உடுப்பு, கறுப்புத் தோலில் ஒரு கையில்லாச் சட்டை. கிள்ளான் நகரில் பஸ்ஸுக்கும் காருக்கும் சீட்டு உறை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. வெட்டியது போக மிஞ்சிய தோலை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கடை முதலாளியான தவுக்கே சொல்லியிருந்தார். மற்றவர்கள் பர்ஸ் தைத்தார்கள், பெல்ட் தைத்தார்கள். அவள் சட்டை தைத்தாள். போட்டுப் பித்தானை இறுக்கியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. புடவையில் யாரோ மாதிரி இருந்தவள், கண்ணாடியில் அன்றுதான் தன்னைப் பார்த்தாள். அடுத்து முழங்கால் வரைக்கும் பூட்ஸ் தைத்துக்கொண்டாள்.

அந்த ஆசைக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. தன் மனசு பெண்களிடம்தான் போகிறது என்பது மட்டும் பதினேழு வயசிலேயே தெரியும். அதை அம்மாவிடமே சொல்லிவிட்டு வீட்டை விட்டு வந்தவள் அவள். கடைக்கு மேலே இருந்த அறையில் தனியாகக் குடியிருந்தாள்.

எண்பத்தாறாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவன் கடைக்கு வந்தான். பெயர் சிவகுருநாதன், அரசாங்க ஆபீஸில் கிளார்க். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நெஞ்சில் குறுக்காக வருகிற மாதிரி தோல்வார் ஒன்று தைக்க வேண்டும் என்றான்.

"யாருக்கு?"

"வீட்டு நாய்க்கு."

அவன் சொன்ன அளவைக் கேட்டு வீரம்மா சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"நாய்க்கு நெஞ்சு நாப்பது இஞ்சா, தம்பி?"

"பெரிய நாய்," என்றான். காது மடல் வரைக்கும் வியர்த்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனை மாடிக்குக் கூட்டிப்போய்த் தன் பூட்ஸையும் சட்டையையும் எடுத்துக் காட்டினாள். "வெக்கப்படாதீங்க லா. எனக்கும் இதே கிறுக்குதான்."

அவன் அந்தப் பூட்ஸைத் தொட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு, "நான் ஒருத்தன்தான் இப்படின்னு நெனைச்சிட்டிருந்தேன், அக்கா. ஆம்பளைங்களைத்தான் புடிக்கும், அதுவும் இந்த உடுப்புல," என்றான். அதற்கு முன் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வந்ததேயில்லை.

இரண்டு பேராகத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்த மாடியில் மெல்லப் பெருகியது. நாதன் தன் சிநேகிதன் கார்த்திகேசுவை அழைத்து வந்தான். செராஸிலிருந்து மார்க்கிரட் என்ற நர்ஸ் வந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு, இரண்டு காற்றாடியைச் சுழலவிட்டு, தோலுக்குள் வேர்த்துக் கொட்டக் கொட்ட ஐஸ் போட்ட ரோஸ் சிரப் குடித்துக்கொண்டு கதை பேசினார்கள். பக்கிள் போடக் கற்றுக்கொண்டார்கள், ஒருவர் பூட்ஸை ஒருவர் பளபளக்கத் துடைத்தார்கள். கேட்காமல் யாரும் யாரையும் தொடக் கூடாது, கேமரா எடுத்து வரக் கூடாது. அதில் வீரம்மா கறாராக இருந்தாள். தோலுடுப்பு இல்லை என்று தயங்கி நின்றவர்களுக்குத் துண்டுத் தோலில் கைப்பட்டை ஒன்று வெட்டி, அங்கேயே மாட்டிவிட்டு உட்காரவைப்பாள்.

ஒரு ஞாயிறு சீதாலெட்சுமி வந்தாள். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவள், முடிவெட்டும் கடையில் வேலை. தோல் பாவாடை கட்டிக்கொண்டு ஆசையாகத்தான் படியேறினாள். கார்த்திகேசு எழுந்து நின்றான்.

"இவங்களையெல்லாம் சேர்த்தா நம்ம பேரு கெட்டுடும். இது ஆம்பளைங்களுக்கான கூட்டம்."

"அப்ப நான் யாரு?" என்றாள் வீரம்மா.

"நீங்க தைக்கிறவங்க, அக்கா."

சுருக்கென்றது அவளுக்கு. சுற்றியிருந்த அத்தனை பேர் உடம்பிலும் அவள் கைத்தையல். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"சரி. இந்த வீட்டுக்கு வாடகைக்காரி சொல்றேன், கேட்டுக்குங்க. சீதா இங்க வருவா. அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்க மனசுள்ளவங்க இருங்க. இல்லாதவங்களுக்குப் படி அந்தப் பக்கம்."

கார்த்திகேசு இறங்கிப் போனான். கூடவே இன்னும் இரண்டு பேர் போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. நாதன் போகவில்லை. ஆனால் அன்று முழுக்க வீரம்மாவின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் தெருவில் பேச்சு பரவியது. யார் பரப்பினார்கள் என்று வீரம்மா விசாரிக்கவில்லை. தவுக்கே மாடிக்கு வந்து, அறையைக் காலி செய்யச் சொன்னார். வேலையும் போயிற்று. இருட்டியதும் பின் சந்து வழியாகச் சாமான்களை ஏற்றிவிடலாம், தன் லோரியையே தருகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் போறேன் தவுக்கே. முன்வாசல் வழியா."

நாதனுக்கு விஷயம் எட்டியதும் ஓடி வந்தான். "அந்தத் தெருவுல எங்கக்கா சேலை வாங்க வருவாங்க. என் வேலை என்ன ஆகும்?"

"உங்களை வரச் சொன்னேனா? நான் போறேன், அவ்வளவுதான்."

ஞாயிறன்று வீரம்மா சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு இறங்கினாள். முதலில் சீதா வந்தாள், பின்னாலேயே மார்க்கிரட். தையல் மிஷினை மூவரும் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டிருக்கும்போது நாதன் வந்து சேர்ந்தான். படியடியில் நின்று வெள்ளைச் சட்டையைக் கழற்றினான். உள்ளே தோல்வார். "தள்ளுங்க அக்கா," என்று மிஷினின் கனமான பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

கூலிக்குப் பேசிய லோரி தெருமுனையில் நின்றது. அதுவரைக்கும் துணிக்கடைகளின் வாசல் நெடுக ஜனம்.

"என்ன கூத்துடா இது?" என்று ஒருவன் கத்தினான்.

"வீடு மாத்துறோம் அண்ணே. கொஞ்சம் வழி விடுங்க," என்றாள் வீரம்மா.

யாரோ சீட்டி அடித்தார்கள். எச்சில் ஒன்று சீதாவின் காலருகில் விழுந்தது; அவள் அதைத் தாண்டி நடந்தாள். கடைப்படியில் நின்ற ஓர் அம்மாள், "இந்த வெயில்ல வேகலையா?" என்று நிஜமாகவே கேட்டாள்.

"வேகுது ஆன்டி. ஆனாலும் புடிச்சிருக்கே!" என்றாள் வீரம்மா.

கூட்டத்தில் குணேஸ்வரி நின்றிருந்தாள், நாதனின் அக்கா. அவன் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கலாம். நின்று, "அக்கா," என்று கூப்பிட்டான். அவள் சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள். பல வருஷம் அவள் வீட்டு விசேஷம் எதற்கும் அவனுக்கு அழைப்பு இல்லை. அவனும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே, மேரு என்ற இடத்தில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வீரம்மா அங்கே சொந்தமாகச் சீட்டுத் தைக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அங்கேயே தொடர்ந்தது. அடுத்த மாதமே முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்றார், மீசை நரைத்தவர். "அன்னைக்குத் தெருவுல உங்களைப் பார்த்தேன்," என்றார். மணிக்கட்டை நீட்டினார். வீரம்மா கைப்பட்டைக்கு அளவெடுத்தாள்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் காலை, கொட்டகைக் கதவில் யாரோ சிவப்புச் சாயத்தால் ஒரு கெட்ட வார்த்தையை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். சீதா அழுதுகொண்டே வெள்ளைப் பெயின்ட் டின்னோடு வந்தாள், அதை மறைத்துவிட. வீரம்மா தூரிகையை அவள் கையிலிருந்து வாங்கினாள். எழுதியிருந்ததை அழிக்கவில்லை. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்:

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு. எல்லாரும் வரலாம்.